புளியவலசு ரோட்டில் நின்ற தண்ணீர்

நெடுஞ்சாலை இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். ஜில்லா போர்டு ரோடுகள் எல்லாம் சர்க்கார் கைக்கு மாறிவிட்டதால், பழைய ரோடுகளைப் பற்றித் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரிக்கிறார்களாம். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: "ஒரே ஜில்லா, ஒரே மழைதானே சார்? அந்தக் காலத்திலேயே மேட்டூர் ரோடு அவ்வளவு நன்றாக இருந்ததாமே. ஜலகண்டாபுரத்துக்கும் எடப்பாடிக்கும் நடுவில் இருந்த கிளை ரோடுகள் மட்டும் ஏன் அப்படிக் கிடந்தன?"

"பணம் இல்லை" என்றேன். தலையாட்டினார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைகூட இல்லை. அவர்கள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "என்ன, மழை வருதா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். மழை இருட்டினால் நான் இப்படி நடப்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். சென்னையில் ஓவர்சியர் படிப்பு முடித்தேன். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கவும், மட்டம் பார்க்கவும், படம் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். ரோடு என்பது ஊர்களுக்கு நடுவே போகிறது, அந்த ஊர்களில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பாடத்தில் யாரும் சொன்னதாக நினைவில்லை.

முதல் வேலை மேட்டூர் ரோட்டில். அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அந்த ரோட்டில் காலையில் ஒரு குழி விழுந்தால் மாலைக்குள் அது மூடப்பட்டுவிடும். கல் கேட்டால் கல் வரும், ஆள் கேட்டால் ஆள் வரும், ரோலர் கேட்டால் புகை விட்டுக்கொண்டு ரோலரும் வரும். ஒரு நாள் அணை வேலையைப் பார்க்கப் போன துரை ஒருவரின் கார் ஒரு பள்ளத்தில் குதித்தது. அவருடைய தொப்பி பறந்துபோய்ச் சோளக்காட்டில் விழுந்தது. டிரைவர் இறங்கி ஓடி எடுத்து வந்து கொடுத்தார். துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த வாரம் அந்த மைல் முழுவதற்கும் புது ஜல்லி வந்து இறங்கியது.

அதே நாட்களில் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிரியும் கிளை ரோட்டில் நெல் வண்டிகள் அச்சு முறிந்து கிடக்கும். வண்டிக்காரர்களுக்கும் தலையில் துண்டு இருந்தது. அது சேற்றில் விழுந்தால் அவர்களே எடுத்துப் பிழிந்து கட்டிக்கொள்வார்கள். அதற்காக யாரும் ஜல்லி அனுப்பவில்லை. குலுங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் ரோடு நன்றாக இருக்கிறது என்று அந்த வயதில் முடிவு கட்டிக்கொண்டேன். அதுவும் பாதி உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

அணை முடிந்தபின் என்னை ஜலகண்டாபுரம் செக்ஷனுக்கு மாற்றினார்கள். அங்கேதான் எஞ்சினியர் தெய்வசிகாமணியின் கீழ் வேலை பார்த்தேன். திருநெல்வேலிக்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் கையில் கறுப்புக் குடை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மேஸ்திரி நின்றுகொண்டிருந்தால் தானும் நாற்காலியில் உட்கார மாட்டார்.

அவர் ரோடு பார்க்கும் முறையே தனி. கப்பி ரோடு போடும்போது ஜல்லியை ஓரத்தில் குவியலாக அடுக்கச் சொல்வோம். மரப்பெட்டியால் அளப்போம். பிறகு பரப்பி, நடுப்பகுதி சற்று உயர்ந்தும் இரண்டு ஓரமும் தாழ்ந்தும் இருக்கும்படி வளைவுப் பலகை வைத்துச் சரிபார்த்து, உருட்டி, தண்ணீர் விட்டு, மேலே சரளை மண்ணைத் தூவி மறுபடியும் உருட்டுவோம். மற்ற எஞ்சினியர்கள் வந்தால் பெட்டி அளவைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போவார்கள். இவர் பெட்டிப் பக்கமே போகமாட்டார். பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கிவரச் சொல்வார். அதை நடு ரோட்டில் மெதுவாகக் கொட்டச் சொல்வார். குடையை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்று பார்ப்பார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரத்துக்கும் ஓடினால் "சரி" என்பார். எங்கேயாவது தேங்கி நின்றால் ஒரு வார்த்தை பேசாமல் நடந்துவிடுவார். அவர் பேசாமல் நடப்பதைவிட நாலு வசவு வைதிருந்தால் தேவலை என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். மறுநாள் அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி போடுவோம்.

நல்ல மனிதர். கெட்டிக்காரர். ஆனால் அவர் வருவது எல்லாம் மாசி, பங்குனியில்தான். வருஷக் கணக்கு முடிவதற்குள் வேலைகளைப் பார்த்துவிட வேண்டும் என்று டூர் புரோகிராம் அப்படித்தான் போடுவார்கள். மாசி மாதத்தில் எல்லா ரோடும் நல்ல ரோடுதான். ஐப்பசியில் அந்த ரோடுகளில் நாங்கள் படும் பாட்டைச் சொன்னேன். "மழையில் என் கார் இந்த ரோட்டில் வராதே" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். ரோடு கெட்டுக் கிடப்பதால் அதைப் பார்க்க வேண்டியவர் வர முடியவில்லை, அவர் வராததால் ரோடு கெட்டே கிடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இனி புளியவலசு விஷயத்துக்கு வருகிறேன்.

புளியவலசு ஒரு சின்ன ஊர். ரோட்டுக்கு மேல்புறம் சரிவாக ஏறிப்போகும் காடுகள், சோளமும் கடலையும். அதில் பெரும்பகுதி பாவாயி அம்மாளுடையது. கவுண்டர் வீட்டு அம்மாள், புருஷன் போன பிறகு தானே நின்று பண்ணையம் பார்த்தவர். ரோட்டுக்குக் கீழ்ப்புறம் ஒரே வரிசையாக நெசவாளர் வீடுகள். ரோடு போட்டதும் நூல் மூட்டை வந்து இறங்க வசதி என்று ஜலகண்டாபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுக்காக முன்னின்று பேசுகிறவர் அர்த்தநாரி முதலியார்.

ரோடு தரையோடு தரையாக வண்டிப்பாதையாக இருந்த காலத்தில் மழைத்தண்ணீர் அகலமாகப் பரவி, கணுக்கால் நனையாமல் ஓடிப்போயிருக்கிறது. போர்டு மண் கொட்டி ரோட்டை உயர்த்தியது. அன்றிலிருந்து ரோடு ஒரு ஏரிக்கரை. மேல்புறத்துத் தண்ணீர் முழுவதும் பாவாயி அம்மாளின் கடலைக்காட்டில் தேங்கியது. நாலு நாள் நின்றால் கடலை அழுகிவிடும். ரோட்டுக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருந்தது. ஆனால் அதன் வழியே வரும் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக நெசவுத் தெருவுக்குள் போகும். அங்கே எல்லாம் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் கால் இறக்கி உட்கார்ந்து மிதித்து நெய்வது. குழியில் தண்ணீர் ஏறினால் தறி நின்றுவிடும், தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்து பாழாகும். அதனால் அவர்கள் சிறுபாலத்தைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார்கள்.

சிறுபாலம் அடைபட்டதும் பாவாயி அம்மாள் ரோட்டை வெட்டினார்.

ஒளிந்து மறைந்து வெட்டவில்லை. பட்டப்பகலில், கரி பஸ் வந்து நிற்க, உள்ளிருந்தவர்கள் எட்டிப்பார்க்க, தானே மம்முட்டி எடுத்து வெட்டினார். யுத்தம் தொடங்கி பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியைப் போட்டு ஓடிய காலம் அது. தகவல் கேட்டு நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"இது போர்டு ரோடுங்கம்மா. வெட்டினால் கேஸ் ஆகும்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க ஓவர்சீரு, ரோடு உங்களுது. சரிங்க. இந்தத் தண்ணி ஆருதுங்க?"

சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெட்டை எட்டிப் பார்த்தேன்.

"உங்க தண்ணின்னா நீங்களே கொண்டு போங்க. என்ற தண்ணின்னா எனக்குப் போக வழி உடுங்க. ரெண்டுமில்லாம என்ற காட்டுல கொண்டாந்து நிறுத்துனா, நான் என்ன பண்ணோணும், சொல்லுங்க?"

எஞ்சினியர் உத்தரவுப்படி போலீஸில் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். கட்டினார். அடுத்த மழைக்கு மறுபடி வெட்டினார். மழை விட்டதும் நெசவாளர்கள் கூடி வெட்டை மூடினார்கள். மறுமழைக்கு வெட்டு, மறுவாரம் மூடல். இப்படி வெட்டியும் மூடியும் அந்த இடம் ரோடாகவே இல்லாமல் போயிற்று. நான் எத்தனை முறை கப்பி போட்டாலும் ஒரு மழை தாங்கவில்லை. யுத்தத்துக்கென்று ரோலரையும் கொண்டுபோய்விட்டார்கள். மாசி மாதம் எஞ்சினியர் வந்து, அப்போதுதான் கெட்டிப்படுத்தியிருந்த ரோட்டில் ஒரு குடம் தண்ணீர் கொட்டச் சொன்னார். அது அழகாக இரண்டாகப் பிரிந்து ஓடியது. "சரி" என்றார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. குடத்துத் தண்ணீர் ரோட்டின் மேல் விழும் மழையை மட்டும்தான் காட்டும். வெளியிலிருந்து வரும் தண்ணீரை அது எப்படிக் காட்டும்?

அந்த வருஷம் ஐப்பசி மழை சாதாரண மழை இல்லை. பிற்பகலில் பிடித்தது. நான் புளியவலசுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாவாயி அம்மாள் வெட்டிவிட்டார். ஆனால் இம்முறை வெட்டு அவர் கைக்குள் நிற்கவில்லை. தண்ணீர் ரோட்டை இரண்டு பக்கமும் அரித்துக்கொண்டு அகலமாகப் பிளந்து, சுழித்துக்கொண்டு தெருவுக்குள் பாய்ந்தது. ஆட்கள் கத்தினார்கள். தறிக்குழியிலிருந்து பாவு நூலை அறுத்து எடுக்க அர்த்தநாரி முதலியார் உள்ளே இறங்கியிருக்கிறார். மண்சுவர் ஊறிச் சரிந்து அவர் காலின் மேல் விழுந்தது.

இழுத்து வெளியே போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பிக் கிடந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ் வெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. நடுவில் இடுப்பளவு தண்ணீர்.

கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினோம். தண்ணீர் இழுத்த இழுப்பில் கால் ஊன்ற முடியவில்லை. நடுவில் வந்ததும் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது யாரோ கீழேயிருந்து அந்தக் கட்டில் காலைத் தோளில் தாங்கினார்கள். பார்த்தால் பாவாயி அம்மாள்.

வலியில் முனகிக்கொண்டிருந்த முதலியார் அவரைப் பார்த்தார். "ஏனுங்க ஆத்தா, ஒடிச்சது பத்தலீங்களா? தூக்கறதுக்கும் வந்துட்டீங்களா?"

அந்த அம்மாள் கட்டில் காலை இன்னும் மேலே உந்தினார். "தலைமாட்டை ஒசத்துங்க சாமி, தண்ணி படப்போவுது" என்று என்னிடம் கத்தினார். கரையேறியதும் பஸ் புறப்படும்வரை நின்றார். பஸ் போனபின் தான் வெட்டிய வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

நான் அன்றைக்கே எஞ்சினியருக்கு எழுதினேன். மரியாதையான வார்த்தைகள் எதுவும் வரவில்லை. 'ரோடு உடைந்துவிட்டது. ஒருவர் கால் போய்விட்டது. மழை நிற்பதற்குள் வந்து பார்க்க வேண்டும். கார் வராது' என்று மட்டும் எழுதி ஆள் மூலம் அனுப்பினேன்.

அவர் வந்தார். பஸ்ஸில் ஜலகண்டாபுரம் வரைக்கும் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில். அந்த வண்டியை அனுப்பி வைத்தது பாவாயி அம்மாள். போர்டு எஞ்சினியர், போர்டு கேஸ் போட்ட அம்மாளின் வண்டியில் நனைந்துகொண்டு வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேல்காட்டின் மேடுவரை ஏறினார். கீழே வந்து நெசவுத் தெரு முழுவதும் நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் தறிக்குழி ஒரு கிணறு மாதிரி நிரம்பி நின்றது. குடையை விரிக்கவே இல்லை.

கடைசியில் என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமாக ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். ரோடு எங்கே கிடக்கிறது என்று பார்க்கவில்லை."

வழி ஒன்றுதான் இருந்தது. ரோட்டின் மேல்புறத்தை ஒட்டியே ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய், தெரு முடிந்தபின் வரும் பெரிய ஓடையில் சேர்த்துவிட வேண்டும். அந்த வாய்க்கால் முழுவதும் பாவாயி அம்மாளின் நிலத்தில் விழும். அதோடு, அவர் கிணற்றில் கவலை இறைக்க, அதாவது தோல்பறியில் தண்ணீர் இழுக்க, மாடுகள் முன்னும் பின்னும் நடக்கும் சரிவுப்பாதை அதன் குறுக்கே வரும். பாதையை மாற்றினால் கிணற்று மேடையையே பெயர்த்துக் கட்ட வேண்டும். ரோட்டுக்கு வெளியே வாய்க்கால் வெட்ட நிலம் வாங்குவதென்றால் போர்டில் தீர்மானம், சேலத்தில் மஞ்சூர் என்கிற அனுமதி, யுத்தம் முடியட்டும் என்ற பதில். எஞ்சினியர் அதை மறைக்காமல் அந்த அம்மாளிடமே சொன்னார்.

"கவலையைப் பேத்துட்டா பயிருக்குத் தண்ணிக்கு எங்க போவேனுங்க?" என்றார் அவர். எழுந்து உள்ளே போய்விட்டார். நியாயமான கேள்விதான்.

முதலியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. குழித்தறிக்கு இரண்டு காலும் வேண்டும். இனி அவர் தறியில் உட்கார முடியாது. அவருடைய மைத்துனர் ஒருவர் பெரிய கேஸாகப் போட வேண்டும் என்று துடித்தார். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட வந்தார். முதலியார் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்:

"கவுண்டச்சியம்மாவை உள்ள வெச்சுட்டா, மேக்காட்டுத் தண்ணியும் கூடவே செயிலுக்குப் போயிருமா? அடுத்த மழைக்கு அவிய மகன் வெட்டுவாரு. உடு."

இதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பாவாயி அம்மாள் தெருவுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன். வாசலில் நின்றபடி உள்ளே காலியாகக் கிடந்த தறிக்குழியைப் பார்த்தார். அதில் அப்போதும் ஈரம் காயவில்லை.

"முதலியாரே, பையன் உக்காருவானுங்களா தறியில?"

"உக்காருவானுங்க. குழி காயோணும்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓவர்சீரு, எந்த எடத்துல ஆரம்பிக்கோணும்னு குச்சி நட்டுக் காட்டுங்க" என்றார்.

அவ்வளவுதான். கோடையில் வாய்க்கால் வெட்டினோம். பாவாயி அம்மாளின் பண்ணையாட்களும், தறி ஓய்ந்த நெசவாளர்களும், என் ரோட்டு ஆட்களும் சேர்ந்து வெட்டினோம். மண்ணை ரோட்டு உடைப்பிலேயே கொட்டி, எஞ்சினியர் எங்கிருந்தோ அனுப்பிய கல் உருளையை மாடு கட்டி இழுத்துக் கெட்டிப்படுத்தினோம். கிணற்று மேடையைப் பெயர்த்து மறுபுறம் கட்டிக் கொடுக்க நெசவுத் தெருக்காரர்கள் போனார்கள். மண் வேலை பழக்கமில்லாத கைகள். ஒவ்வொருவர் கையிலும் கொப்புளம். பாவாயி அம்மாள் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு அவர்கள் மறுபடி மண் வெட்டப் போனார்கள். இரண்டு பக்கமும் சண்டையை மறந்துவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது கதை. மறக்கவில்லை. வேலை நடந்தது.

எனக்கு அந்தக் கோடை முழுவதும் நிம்மதி இல்லை. மட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாய்க்காலின் சரிவு போதுமா, கரை தாங்குமா, வளைவில் உடைக்குமா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் போய்ப் போய்ப் பார்த்து வந்தேன். மழை வராதா என்றும் இருந்தது, வந்துவிடுமோ என்றும் இருந்தது.

வந்தது. காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டின் மேலே ஏற்கெனவே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மேல்புற ஓரத்தில் பாவாயி அம்மாள், கையில் மம்முட்டி. கீழ்ப்புறத்தில் கோலை ஊன்றிக்கொண்டு அர்த்தநாரி முதலியார், பின்னால் தெருவே திரண்டு நின்றது. அந்த மம்முட்டியைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்காட்டிலிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. ரோட்டின் அடியில் வந்து முட்டியது. கொஞ்சம் ஏறியது. பிறகு பக்கவாட்டில் திரும்பி வாய்க்காலுக்குள் விழுந்து, நுரைத்துக்கொண்டு ஓடையை நோக்கி ஓடத் தொடங்கியது. கரை தாங்கியது. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு பெண் வீட்டுக்குள் ஓடிப்போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்து, "காஞ்சுதாங்க கெடக்குது" என்றாள்.

பாவாயி அம்மாள் மம்முட்டியைத் தரையில் சாய்த்தார். நானும் சைக்கிளை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக மழையில் ஓர் இடத்தில் சும்மா நின்றேன்.

அப்போது ரோட்டில் ஓடைப் பக்கமிருந்து ஒரு ஆள் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். ஓடைக்குக் கீழே இருந்த அடுத்த ஊர்க்காரர். மூச்சு வாங்கியது.

"ஓவர்சீருங்களா? ஓடை பொங்கி எங்க ஊருக்குள்ள ஏறுதுங்க. இத்தனை தண்ணி எந்த மழைக்கும் வந்ததில்லீங்க. இங்க என்னமோ வாய்க்கா வெட்டீட்டாங்களாமே, ஆருங்க வெட்டுனது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடையைத் தாண்டி என்ன இருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை, எஞ்சினியரும் பார்க்கவில்லை. புளியவலசுத் தண்ணீரை ஓடையில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். எங்கள் ஜில்லாவில் ஒரு இடத்து ரோடு சரியாகி அடுத்த இடத்து ரோடு கெட்டதன் காரணம் இதுதான். இதைத்தான் அந்த இளைஞர்களிடம் சொல்லத் தெரியாமல் பணம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

"நாந்தானுங்க வெட்டுனேன்" என்றார் பாவாயி அம்மாள். சாய்த்து வைத்த மம்முட்டியைத் திரும்ப எடுத்தார். "நடங்க சாமி, நானும் வாரேன். எங்க முட்டுதுன்னு பாக்கலாம்."

"கரையோரமாப் போங்க ஆத்தா. நடுவுல வழுக்கும்" என்றார் அர்த்தநாரி முதலியார் கோலை ஊன்றியபடியே. தெருவிலிருந்த ஆண்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் நாலைந்து பேர் கூடையும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் இறங்கினார்கள்.

நாங்கள் வாய்க்கால் கரையோடு வேகமாக நடந்தோம். தண்ணீர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.